யாருக்கு எதிராக இந்தப் பட்டினி

— மூடி வெச்சிருக்கறத எடுத்துக்கினு போ நீலா. வாசனை வந்தா மனசு அலையும்.

— அலையட்டும் நைனா. மூணு நாளா நீ பட்டினி, உன்கூட அம்மாவும் பட்டினி. இந்த வீட்டுல சாப்புடற ஒரே ஆளு நான்தான். கட்டுப் போட்ட வலது கைய மடியில வெச்சிக்கினு, இடது கையால அள்ளி அள்ளி சாப்புடறேன். எனக்கு வெக்கமே இல்ல.

— வெக்கப்படச் சொல்லலியே. நல்லா சாப்புடு. எலும்பு கூடணும்.

— எலும்பு கூடறதுக்கா நீ பட்டினி இருக்கே? நான் என் புருஷன் மேல போலீசுல மனு குடுக்கக் கூடாதுன்னு இருக்கே. பஜார் பூரா அதான் பேச்சு. செஞ்சிக் காந்தி பெத்த பொண்ணு மேலயே உண்ணாவிரதம் இருக்கறாராம்.

— உன் மேலன்னு நான் சொன்னனா?

— பின்ன யாரு மேல? வெள்ளக்காரன் போயி முப்பத்தெட்டு வருஷம் ஆவுது.

— அது என் விஷயம். விடு.

— விட மாட்டேன். திங்கக்கெழம கை ஒடிஞ்சி, அவலூர்பேட்டையில இருந்து பஸ்ஸுல வந்து, ஆஸ்பத்திரில கட்டுப் போட்டுக்கினு இந்த வாசல்ல நின்னேன். அன்னிக்கு உனக்கு மௌன நாளு. சிலேட்ட எடுத்து ‘உள்ளே வா’ன்னு எழுதிக் காட்டினே. நான் அழுதுகினு நிக்கறேன், நீ எழுத்த நிதானமா அழகா போட்டுக்கினு இருக்கே.

— நாப்பது வருஷமா திங்கக்கெழமையில நான் பேசினது இல்ல நீலா.

— அதத்தான் சொல்றேன். உன் விரதம் ஒண்ணும் ஒடியல. என் கைதான் ஒடிஞ்சது.

— இங்க பாரு, யோசிச்சுப் பாரு. ஜெயபால் செஞ்சது பாவம். பெரிய பாவம். இல்லன்னு நான் சொல்லல. ஆனா போலீசு அவன இட்டுக்கினு போயி இன்னா பண்ணுவாங்க? நாற்காலி போட்டு உக்கார வெச்சி புத்தி சொல்லுவாங்களா? சட்டையக் கழட்டி லாடம் கட்டுவாங்க. அங்க விழற ஒவ்வொரு அடியும் கையெழுத்துப் போட்ட நீ அடிச்ச அடி. மனு எழுதிக் குடுத்தா, நான் அடிச்ச அடி.

— அவன் மேல நாளைக்கு விழப்போற அடிக்கு உனக்கு இன்னிக்கே வலிக்குது.

— உன் வலி எனக்குத் தெரியாதா?

— தெரியும். சொல்ல மாட்டேன்ற.

— யோசிச்சுப் பாரு. முப்பத்திரெண்டுல இதே பஜார் தெருவுல கொடியப் புடிச்சிக்கினு நின்னேன். எனக்குப் பத்தொம்பது வயசு. போலீசுக்காரன் தடியால தோள்பட்டையில போட்டான். நான் கையத் தூக்கல. அவன் பேரு தெரியும், ஊரு தெரியும். யாருகிட்டயும் போயி சொல்லல. பத்து வருஷம் கழிச்சி அவனே என்னத் தேடிக்கினு வந்தான். தோளத் தொட்டுப் பாத்து அழுதான். மனுசன் மனசு மாறும் நீலா. என் கண்ணால பாத்திருக்கேன்.

— அந்தப் போலீசுக்காரனுக்கு நீ சோறாக்கிப் போட்டியா?

— இன்னாது?

— அவன் துணியத் தொவச்சியா? அவன் வர்ற நேரத்துக்கு வெந்நீர் வெச்சியா? ஒரு நாள் அடி வாங்கினே, கூட்டம் உன் பேரச் சொல்லிக் கோஷம் போட்டுது, வீட்டுக்கு வந்து படுத்தே. நான் பதினோரு வருஷமா அடிச்சவன் வீட்டுலயே படுத்தேன். அவன் மனசு மாறும் மாறும்னு பாத்தேன் நைனா. பாத்துப் பாத்து என் மனசுதான் மாறிச்சு.

— பதினோரு வருஷத்துல ஒரு வார்த்த எங்கிட்ட சொன்னியா நீ?

— சொன்னா பொறுத்துக்கோன்னு சொல்லுவே. தெரிஞ்ச பதிலுக்கு எதுக்கு ஒரு லெட்டர்? உன் மருமவன் தண்ணிய வடிகட்டிக் குடிக்கிறவன். பொழுது சாஞ்சா பூச்சி விழுந்துடும்னு வாயில ஒண்ணும் வெக்க மாட்டான். மண்டில அரிசி மூட்டையப் பிரிச்சா வண்ட ஒவ்வொண்ணா எடுத்து செடி மேல விடுவான். அதே கையால அஞ்சு கிலோ எடைக்கல்லத் தூக்கி என் மணிக்கட்டு மேல போட்டான்.

— போதும் நீலா.

— எனக்கும் போதும். அதான் வந்துட்டேன்.

— வந்துட்டே. நல்லது. இரு, இது உன் வீடு. அவங்கிட்ட திரும்பிப் போவச் சொல்லி நான் கேக்கலியே. போலீசு வேணாம்ன்றேன். அவ்ளோதான்.

— ஒத்துழையாமைன்னு மேடையில பேசுவே இல்ல? அநியாயக்காரனுக்கு நாம கை குடுக்கறதாலதான் அவன் நிக்கறான், கைய எடுத்துட்டா விழுந்துடுவான்னு. கையத்தான் எடுக்கறேன். அவனுக்கு சமைக்க மாட்டேன். அவன் அடிச்சத மறைக்க மாட்டேன். கெணத்தடியில வழுக்கி விழுந்தேன்னு ஆஸ்பத்திரில சொல்ல மாட்டேன். மூணு தடவ சொல்லியிருக்கேன், தெரியுமா உனக்கு? நீ பொய்யே பேசாத ஆளு. உன் பொண்ணு மூணு தடவ டாக்டருகிட்ட பொய் சொல்லியிருக்கா.

— தெரியாது.

— இப்பவும் நான் கையத் தூக்கல. அவன வையல. நடந்தத நடந்த மாதிரி ஒரு பேப்பர்ல வெக்கணும்ன்றேன். உன்கிட்ட கத்துக்கினதுதான் இது.

— எங்க ஒத்துழையாமையில போலீசு கெடையாதே நீலா.

— அப்ப போலீசு வெள்ளக்காரனுது. இப்ப எல்லாம் நம்மளுதுன்னு வருஷா வருஷம் கொடியேத்தி முட்டாய் குடுத்து நீதானே சொல்றே?

— வாய் மட்டும் கொறையல உனக்கு.

— அத ஒடிக்க எடைக்கல்லு பத்தல. நைனா, இந்த ஊர்ல நீ எழுதாத மனு உண்டா? ரேஷன் கார்டுக்கு எழுதுவே, கரண்டுக்கு எழுதுவே. மேல்சித்தாமூர் தண்ணி டேங்குக்கு நாலு வருஷம் எழுதினே. என் வலது கை ஒடிஞ்சிருக்குது. எனக்கு ஒரு மனு எழுதுன்னு செவ்வாக்கெழமையில இருந்து கேக்கறேன். நீ சாப்பாட்ட தள்ளி வெச்சிட்டு சொவத்தப் பாத்துக்கினு உக்காந்திருக்கே. அடிச்சவன் வாசல்ல போயி உக்காந்தியா? அவன் மூணு வேளையும் தின்னுட்டு மண்டில சாஞ்சிக்கினு இருக்கான். உன் பட்டினி அவன இன்னா பண்ணும்? பாசம் இருக்கறவங்க மேலதான் இது பலிக்கும். எனக்குப் பாசம் இருக்குது. ஆனாலும் கையெழுத்துப் போடுவேன்.

— நான் செத்துட்டா?

— கொள்ளிக்கி வேண்டியதப் பாத்துட்டு, மறுநாள் போயிப் போடுவேன்.

— …நல்லது. பொய் சொல்லாம சொல்றே.

— பத்து மணி ஆவப்போவுது நீலா. போறதுன்னா வெயிலுக்கு முன்ன போ.

— அம்மா, நீ எதுக்கு எழுந்து வந்தே? மூணு நாளா வயித்துல ஒண்ணும் இல்லாம தல சுத்தி விழுந்துடப் போறே.

— நான் சாப்ட்டேன்.

— இன்னாது?

— நேத்து மத்தியானமே சாப்ட்டேன். காலையில நாலு இட்லி. இன்னும் ரெண்டு இருக்குது, உனக்கு வேணுமா?

— தர்மவதி…

— ஆமாங்க. நாப்பத்தஞ்சு வருஷம் நீங்க பட்டினி இருந்தப்பல்லாம் நானும் இருந்தேன். நீங்க வேலூர் ஜெயில்ல இருந்தப்ப இங்க ஒரு வேளதான் சாப்புடுவேன். நீங்க வந்து, ஜெயில்ல சாயங்காலம் அஞ்சு மணிக்கே சோத்தப் போட்டு அடச்சிடறான், நம்ம ஜைனத்துக்கு அதவிட வசதி ஏதுன்னு சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். அதெல்லாம் நாட்டுக்கு. இது நாட்டுக்கு இல்லீங்க. எனக்குப் பசிச்சுது.

— இத எங்கிட்ட சொல்லலியே நீ.

— நீங்க எல்லாத்தையும் எங்ககிட்ட சொல்லிட்டா செய்யறீங்க?

— நான் கெளம்பறேன்மா. தாலுக்கா ஆபீசு எதிர்ல மனு எழுதற சாந்த் பாஷா பாய்கிட்ட எழுதிக்கறேன். நேத்தே பாத்துட்டு வந்தேன். அவரு ஒரு கேள்வி கேட்டாரு. அது மனசுல முள்ளு மாதிரி நிக்குது.

— இன்னா கேட்டாரு?

— நீ கெளம்பற நாளு அவனுக்கு எப்படித் தெரிஞ்சிதுன்னு. நியாயமான கேள்விதானே? விடியறதுக்கு முன்ன சத்தமில்லாம கதவத் தொறக்கறேன். எடைக்கல்ல பக்கத்துல வெச்சிக்கினு படியில உக்காந்திருக்கான். ‘மொத பஸ்ஸா?’ன்னு கேக்கறான். பஸ்ஸு கூடத் தெரிஞ்சிருக்குது. நான் இந்த வீட்டுக்கு ஒரு லெட்டர் போட்டேன், திங்கக்கெழம மொத பஸ்ஸுல வந்துடறேன்னு. அத விட்டா முன்னிக்கு மட்டும்தான் தெரியும். என் பையி அவ வீட்டுலதான் இருந்துது.

— முன்னியா? கை ஒடிஞ்சவள தோள்ல சாச்சி பஸ்ஸேத்தி இட்டாந்தாளே அந்தப் பாய் வீட்டுப் பொண்ணு?

— அவ வீட்டுக்காரரு கௌஸ் பாஷா எங்க மண்டிலதான் மூட்ட தூக்கறாரு. பொழப்புக்குப் பயந்து சொல்லியிருப்பா. அப்பறம் மனசு கேக்காம தூக்கிக்கினு வந்திருப்பா. அவ பேரையும் மனுவுல சேக்கப் போறேன். என் கை ஒடிஞ்சதுல அவளுக்கும் பங்கு இருக்குது.

— பாவம்டி. ஒரு பாவமும் அறியாதவ.

— அப்ப வேற யாருன்னு சொல்லு.

— எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உங்க நைனாவக் கேளு.

— நைனா எங்க சொல்லப் போறாரு. நான் வரேன்.

— நீலா. நில்லு.

— இன்னா?

— முன்னி பேர எழுதாத. அலமாரியில வெள்ளத் தாளு இருக்குது. பேனாவ எடு.

— நீ எழுதறியா?

— எழுதறேன்.

— அப்ப விரதம் முடிஞ்சிதா? சாப்பாட்ட எடுத்தாரட்டா?

— இல்ல. விரதம் அது பாட்டுக்கு இருக்கட்டும். அதுக்கும் நீ மனு குடுக்கறதுக்கும் சம்பந்தம் இல்ல. அது என் விஷயம்னு மொதல்லயே சொன்னேன். நீ கேக்கல.

— சத்தமா படிச்சிக்கினே எழுது நைனா. கையெழுத்து என்னுது. ஒரு வார்த்த நீ கொறச்சாலும் போட மாட்டேன்.

— ஒண்ணும் கொறைக்க மாட்டேன். கேளு. ‘சப்-இன்ஸ்பெக்டர் அவர்கள் சமூகத்துக்கு, நீலாஞ்சனா எழுதிக்கொண்ட புகார் மனு. முதல் எதிரி, என் கணவர் ஜெயபால், அரிசி மண்டி, அவலூர்பேட்டை.’

— முதல் எதிரியா? இருக்கறது ஒரே எதிரி. முன்னி வேணாம்னு நீதானே சொன்னே?

— முன்னி இல்ல. குறுக்க பேசாத, எழுத விடு. ‘இரண்டாம் எதிரி, என் தகப்பனார் அஜிததாஸ், வயது எழுபத்திரண்டு. எதையும் ஒளித்துச் செய்வது பொய்க்குச் சமம் என்று கருதி, திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் நான் புறப்பட இருப்பதை முதல் எதிரிக்கு நான்கு நாள் முன்பே கடிதம் எழுதித் தெரிவித்தவர்.’