நான்காம் பக்கத்தின் ஒரே வாசகி

வீடியோ கேம் வாங்குகிறவர்கள் டப்பாவைப் பிரித்ததும் குறுந்தட்டைத்தான் எடுப்பார்கள். கூடவே இருக்கும் சின்னப் புத்தகத்தை யாரும் தொடுவதில்லை. அதில் எனக்கு வருத்தம் உண்டு, கோபம் இருந்ததில்லை. பதினெட்டு வருடமாக அந்தப் புத்தகங்களை எழுதுகிறவன் நான்.

நீங்கள் ஒன்றைக்கூடப் புரட்டியிருக்க மாட்டீர்கள் ஐயா, அதனால் சொல்கிறேன். இருபத்துநான்கு பக்கம், நடுவில் இரண்டு கம்பிப் பின். தாளை மடித்துப் பின் அடிப்பதால் பக்கங்கள் நான்கு நான்காகத்தான் கூடும், குறையும். ஒரு வரி சேர்த்தால் இன்னொன்றை வெட்ட வேண்டும். எந்தப் பொத்தான் எதற்கு, உயிர் எப்படிக் குறையும், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். படித்துவிட்டு ஆடுகிறவனுக்கு ஆட்டம் ஏன் அப்படிப் போகிறது என்று தெரியும். படிக்காதவனுக்குப் போகிறது என்பது மட்டும் தெரியும்.

என் தங்கை படிக்காதவள்.

அப்பா முதன்முதலில் வீடியோ கேம் பெட்டி வாங்கி வந்த அன்று நான் புத்தகத்தை எடுத்தேன், அவள் கைப்பிடியை எடுத்தாள். நான் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தபோது அவள் கடைசிக் கட்டத்தை முடித்திருந்தாள். அப்பா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டார். "நீ இன்னும் அட்டையையே தாண்டலையாடா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "இவளுக்கு எதையும் சொல்லிக் குடுக்க வேணாம், தானா வருது" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அவள் எனக்குப் பொழிப்புரை என்று பெயர் வைத்தாள். முதலில் வீட்டில் ஒட்டிக்கொண்டது. பிறகு அவளை என் அலுவலகத்தில் நானே சேர்த்துவிட்டேன், அங்கும் ஒட்டிக்கொண்டது.

நான்கே வருடத்தில் அவள் ஆட்டங்களை வடிவமைக்கும் குழுவுக்குத் தலைவி. அவள் மேசை ஜன்னலோரம். என்னுடையது நகல் இயந்திரத்துக்குப் பக்கத்தில்; அது ஓடினால் என் டீ தம்ளர் நடுங்கும்.

போன வருடக் கூட்டத்தில், ஆட்டத்தின் முதல் பத்து நிமிடமே ஆடுகிறவருக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிடும்படி அவள் செய்து காட்டினாள். மிக நன்றாக இருந்தது. அதை நான் மறுக்கவில்லை.

"அப்ப புத்தகம் எதுக்கு?" என்றார் மேனேஜர்.

"யாரு சார் படிக்கிறா? எங்க அண்ணனும் அச்சாபீஸ்காரரும்தான். அதுலயும் அச்சாபீஸ்காரர் பாதியில தூங்கிடுவார்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அடுத்த ஆட்டத்தோடு புத்தகத்தை நிறுத்துவதாக முடிவானது.

கடைசிப் புத்தகம் என்பதால் பொறுமையாக எழுதினேன். அந்த ஆட்டத்தில் மின்னல் கோபுரம் என்று ஒரு கட்டம். திரை ஒரு நொடிக்குப் பதினைந்து முறை வெள்ளையாகிச் சிவப்பாகும். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. சிலருடைய மூளை மட்டும் அந்த வெட்டின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். தனித்தனியாக வேலை செய்ய வேண்டிய செல்கள் எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் துடிக்கும். அதுதான் வலிப்பு. நான்காம் பக்கத்தில் எழுதினேன்: வெளிச்சமுள்ள அறையில் ஆடவும். திரையிலிருந்து தள்ளி உட்காரவும். தூக்கம் கெட்ட நாளில் ஆட வேண்டாம். அமைப்புகளில் மின்னலைக் குறைக்கவும். சிறு வயதில் உங்களுக்கு வலிப்பு வந்ததுண்டா என்று வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளவும்.

அந்தக் கடைசி வரியை ஒரே ஒரு ஆளுக்காக எழுதினேன். அவளுக்கு எட்டு வயதிருக்கும்போது இருவரும் பஸ்ஸில் போனோம். சாலையோர மரங்களுக்கு நடுவே சாயங்கால வெயில் வெட்டி வெட்டி அவள் முகத்தில் அடித்தது. அவள் கண் மேலே செருகியது, கை உதறியது. அரை நிமிடம். "தூங்கிட்டேனாண்ணா?" என்றாள். ஆமாம் என்றேன். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் அப்பா அவளை இன்னும் தாங்குவார்.

ஆக, அந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருவன்தான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

சரிபார்க்க அவளிடம் கொடுத்தேன். ஒரு பக்கம்கூடப் புரட்டாமல் கடைசியில் கையெழுத்துப் போட்டாள். "பொழிப்புரை எழுதினா தப்பு இருக்குமா?" என்றாள். அதில் பாசம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

ஆட்டத்தைப் புத்தகத்தோடு ஒத்துப் பார்க்கும் இறுதிச் சோதனைக்கு நாள் குறித்தது நான். அவள் இரண்டு இரவு தூங்காமல் வேலை பார்த்திருந்தாள். மத்தியானம், ஜன்னல் இல்லாத சோதனை அறை. "திரை பளிச்சுன்னு தெரியணும்ல" என்று விளக்கை அணைத்தேன். நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டேன். மின்னலைக் குறைக்கவில்லை. ஒவ்வொன்றையும் செய்தபோது, புத்தகத்தைப் படித்தவளாக இருந்தால் இப்போது தடுப்பாள் என்று காத்திருந்தேன். நியாயமான வாய்ப்புத்தான் கொடுத்தேன்.

கோபுரத்தில் ஏறிய இரண்டாவது நிமிடம் அவள் நாற்காலியிலிருந்து சரிந்து, ஆடிப் பார்க்கிறவர்கள் சாய்ந்துகொள்ளத் தரையில் போட்டிருந்த பஞ்சு மெத்தையில் குப்புற விழுந்தாள். ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறது: ஒருக்களித்துப் படுக்க வைக்கவும், மூச்சுக்கு வழி விடவும், உடனே ஆம்புலன்ஸை அழைக்கவும். அந்த அறையில் அதைப் படித்தவன் நான் மட்டும்தான்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து, வழக்கறிஞர்கள் அந்தப் பக்கத்தை வரிவரியாகப் படித்தார்கள். இனி எல்லா ஆட்டத்துக்கும் புத்தகம் அச்சிடுவது என்று மேனேஜர் உத்தரவு போட்டார்.

அப்பாவும் ஒரு பிரதி கேட்டார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்கு அடியில் விரல் வைத்துப் படித்தார். என் புத்தகத்தை அவர் படித்து அன்றுதான் பார்த்தேன். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

"நீ எழுதினதாடா?"

"ஆமாப்பா."

"சின்ன வயசுல அவளுக்கு வந்திருக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பஸ், வெயில், அரை நிமிடம், எல்லாவற்றையும் விளக்கமாகச் சொன்னேன். அவர் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் நீங்கள் வந்தீர்கள்.

நீங்கள் தட்டச்சு செய்து தந்த என் வாக்குமூலத்தை இப்போது படித்துவிட்டேன். இரண்டாம் பக்கம், ஏழாவது வரி. 'பதற்றத்தில் ஆம்புலன்ஸை அழைக்க நான்கு நிமிடம் தாமதமாகிவிட்டது' என்று இருக்கிறது. பதற்றம் இல்லை. பதினொரு நிமிடம். அவள் கை அசைவது நிற்கும்வரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதைத் திருத்திக் கொடுங்கள். எதையும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடக்கூடாது ஐயா, அவளிடம் நான் சொல்ல நினைத்தது அவ்வளவுதான்.