வெட்டாமல் அனுப்பு

"ஹலோ… இளமாறா, அக்காதான். மீட்டிங்கா? … சரி, வெளிய வந்து பேசு."

வீட்டில் யார் காதிலும் விழக்கூடாதென்று கராஜில், காருக்குள் உட்கார்ந்திருந்தாள் சாந்தி. தம்பி சான் ரமோனில் இருந்தான். இங்கே ஆலனில் அவள் மகன் பள்ளி அணிக்காக ஆடும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களை வெட்டி ஒட்டி, கல்லூரிப் பயிற்சியாளர்களுக்கு வீடியோவாக அனுப்புபவன் அவன்தான்.

"மகிழன் வீடியோ… ஆமா, ஆமா, அதேதான். அவன் பந்து எறியறது மட்டும் இருக்கட்டும். ஓடறதெல்லாம் டெலீட் பண்ணிரு. … எல்லாத்தையும்டா.

… தெரியும், இப்பல்லாம் குவார்ட்டர்பேக்னா ஓடவும் ஓடணும். உங்க மாமாவும் அதேதான் பாடறாரு. எறியறதுதானே இவன் வேலை? ஓடறதுக்குன்னு தனியா தடியனுங்க இருக்கானுங்கல்ல? … சிரிக்காத.

… சுமாராத்தான் எறியறானா? சரி, எவனும் எடுக்காம போகட்டும். … ஆமா, வேணும்னேதான் சொல்றேன்.

… டாக்டர் ஆடலாம்னுட்டாரு. ஆமாடா, சொல்லிட்டாரு. ஆனா அந்தக் கடைசி ஓட்டம் அவனுக்கு ஞாபகமே இல்ல. கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டது, மண்டையில அடிபட்டது, ஒண்ணும் இல்ல. தினமும் நீ எடிட் பண்ணினதைப் போட்டுப் பார்க்கறான், வேற யாரோ பையன் ஓடற மாதிரி. கோடு தாண்டினதும் வீடியோ முடிஞ்சுருதில்ல… மறுபடி முதல்ல இருந்து. லைட்டு கூடப் போடறதில்ல.

… என்ன? ஓட்டத்தோடவே அனுப்பிட்டியா? … அவனே கேட்டானா.

… ம். … ம். கோச்கிட்ட இருந்து பதிலும் வந்துருச்சா? எறியறதைப் பத்தி ஒரு வார்த்தை கூடவா இல்ல? … அந்த ஓட்டம் மட்டும், முழுசா கேக்கறாங்களா. எதுக்காம்?"

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அடிபட்டவன் தானா எழுந்தானான்னு பார்க்கணுமா. … எனக்கும் தெரியும்டா. 'நீயே எழுந்து நடந்து வந்தே'ன்னுதான் அவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கோம்.

… இல்ல, அனுப்பு. ஓட்டத்தைக் கணக்குல எடுக்கறவங்க இதையும் எடுக்கட்டும். உங்க மாமா நிறுத்தாம வீடியோ எடுத்துட்டே இருந்தாரே, நாலு பேர் தூக்கிட்டுப் போன வரைக்கும். நான் கத்தறதும் இருக்கட்டும். வெட்டாத.

… இரு."

உள்கதவைத் திறந்துகொண்டு மகிழன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாகவோ. அவள் கார்க் கண்ணாடியை இறக்கினாள்.

"… ஆமா, போன்ல இளமாறன் மாமாதான். … இல்ல கண்ணு. நீயா எழுந்திருக்கல."

எதிர்முனையில் தம்பி இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். துண்டித்தாள்.