ஞாயிற்றுக்கிழமை ஆடு

— இருங்க அக்கா, மறுபடியும் மொதல்லேர்ந்து வருவோம். உங்க ஆட்டுக்கு நெஞ்சு அடைக்கிற மாதிரி இருக்கு. சரி. அடைக்குதுன்னு உங்ககிட்ட சொன்னது யாரு?

— ஆடுதான்.

— ஆடே சொல்லுச்சா?

— வேற யாரு சொல்லுவா? அடைக்கிறது அதுக்குத்தானே.

— ஒரு சின்ன சந்தேகம். என்ன சொல்லுச்சு? அப்படியே சொல்லுங்க பாப்போம்.

— 'நெஞ்சு மேல யாரோ அரிசி மூட்டைய எறக்கி வச்ச மாதிரி இருக்கு'ன்னுச்சு.

— அரிசி மூட்டை.

— ஆமா. சின்ன மூட்டை இல்ல, பெரிய மூட்டை.

— அக்கா, நான் அஞ்சு வருஷம் உக்காந்து மாட்டு வைத்தியம் படிச்சவன். ஆடு கத்தும், செருமும், கோவம் வந்தா முட்டும். மூட்டை பெருசா சின்னதான்னு ஆடு சொல்லும்னு எந்தப் புத்தகத்துலயும் போடலியே.

— தம்பி, நீங்க இந்தத் தீவுக்கு வந்து எவ்வளவு நாளாச்சு?

— ரெண்டு வாரம்.

— யாரும் உங்களுக்கு ஒண்ணும் சொல்லித் தரலியா?

— தராம என்ன? குழாய்ல தண்ணி எப்ப வரும்னு சொன்னாங்க. படகு எப்ப வரும்னு சொன்னாங்க. யார் வீட்டுக்கும் யார் வீட்டுக்கும் பேச்சுவார்த்த இல்லன்னு சொன்னாங்க. ஆடு பேசும்னு ஒருத்தரும் மூச்சு விடல.

— ஐயையோ. அப்ப இந்த ரெண்டு வாரமா வந்தவங்களுக்கெல்லாம் என்னதான் செஞ்சீங்க?

— அதத்தான் நானும் யோசிச்சிட்டிருக்கேன். தீவு பூரா தடுப்பூசி போட்டு முடிச்சாச்சு. மொத்தமே பதினோரு ஆடுதான். ஆனா ஆட்டுக்கு மருந்து கேட்டு இந்தக் கதவத் தட்டினவங்க முப்பது பேருக்குக் கொறையாது. அதுவும் எல்லாரும் சாயங்காலமா பாத்து வர்றாங்க, இல்லன்னா சனி ஞாயிறு. ஒருத்தர் வந்து, ஆட்டால ஊசியில நூல் கோக்க முடியல, கண்ணு மங்குதுங்கறார்.

— அது தையல்காரர் ஆடு.

— புதுசா ஒருத்தன் வந்திருக்கான், ஓட்டிப் பாக்கறாங்கன்னு நெனச்சேன் அக்கா. நானும் பெரிய மனசோட சிரிச்சு சிரிச்சு அனுப்பிட்டேன்.

— அடக் கடவுளே. அதான் தபால்காரர் அவ்வளவு நிம்மதியா போனாரா. 'டாக்டரே சிரிச்சிட்டாரு, பயப்பட ஒண்ணுமில்ல'ன்னாரே.

— அவருக்கு என்ன?

— அவருக்கு ஒண்ணுமில்ல. அவர் ஆட்டுக்கு மூலம்.

— சரி அக்கா. இப்ப நீங்க சொல்ற இந்த ஆட்டுக்கு வயசு என்ன?

— அம்பத்தி மூணு.

— ஆடு பதினஞ்சு வருஷம் இருந்தாலே அதிசயம்.

— அப்ப உங்களுக்கு எது தோதோ அத வச்சுக்கோங்க.

— அதுக்கு நாலு காலா, ரெண்டு காலா?

— அத மட்டும் கேக்கக் கூடாது.

— ஏன்?

— உங்க நல்லதுக்குத்தான். உங்களுக்கு முன்னாடி இருந்தவர் தங்கமான மனுஷன். ஒரு சனிக்கிழமை, கையக் கிழிச்சுக்கிட்டு ரத்தமா ஒருத்தன் வந்து நின்னான். பாவம்னு தையல் போட்டு விட்டார். யாரோ புண்ணியவான் மேலிடத்துல போட்டுக் குடுத்துட்டான். 'மாட்டுக்குப் பாக்கறவன் மனுஷன்மேல கை வச்சா வேல போயிடும்'னு சொல்லிட்டாங்க. அன்னியிலேர்ந்து யார் வந்தாலும், வாசல்லயே ஒரே கேள்விதான் கேப்பார்: 'ஆடா, மாடா?' நாங்க ஆடுன்னுடுவோம். நாளைக்கு விசாரணைன்னு வந்தா, 'நான் ஆட்டுக்குத்தாங்க யோசனை சொன்னேன்'னு அவர் சத்தியம் பண்ணலாம்ல?

— அடேங்கப்பா. மாடுன்னு யாரும் சொன்னதே இல்லயா?

— ஹெட்மாஸ்டர் மட்டும் சொல்லுவார். ஆடுன்னு சொல்லிக்க அவருக்கு கௌரவம் எடம் குடுக்கல.

— நல்ல ஊருடா சாமி. அக்கா, ஒரு சின்ன சந்தேகம். இந்த மேட்டுக்குக் கீழ ஆஸ்பத்திரின்னு ஒரு கட்டடம் நிக்குதே, ஜன்னலுக்கெல்லாம் பச்சை பெயின்ட் அடிச்சு?

— நிக்குது. டாக்டரம்மா காலைப் படகுல வருவாங்க, நாலு மணிப் படகுல போயிடுவாங்க. சனி ஞாயிறு படகே கெடையாது. நோய்க்கு இதெல்லாம் யார் எடுத்துச் சொல்றது? டாக்டரம்மா படகுல ஏறினப்புறம்தான் எல்லாருக்கும் காய்ச்சலே வருது.

— உயிர் போற அவசரம்னா?

— ஆஸ்பத்திரி உள்ள ஒரு ஃபோன் இருக்கு. நேரா அக்கரை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும். அங்கேர்ந்து அவசரப் படகு கெளம்பி வரும்.

— செல்லுலயே கூப்பிடலாமே?

— எடுக்க மாட்டாங்க. ஆளாளுக்குக் கூப்பிட்டு படகு அலைஞ்சே ஓஞ்சு போச்சு. அதனால, அந்த ஒரு ஃபோன்லேர்ந்து வந்தாத்தான் படகுன்னு வச்சுட்டாங்க. ஆஸ்பத்திரி பூட்டியிருக்கும். சாவி ஒருத்தர்கிட்டதான்.

— யாருகிட்ட?

— என்கிட்டதான்.

— ஓ! சாவிக்காரம்மா நீங்கதானா? உங்களப் பத்தி டீக்கடையில கேள்விப்பட்டேன்.

— என்னன்னு?

— விடுங்க அக்கா.

— அட, சும்மா சொல்லுங்க.

— 'எலும்பு வெளிய தெரிஞ்சாத்தான் அந்தம்மா சாவியவே எடுக்கும்'னு.

— யார் சொன்னான்னு எனக்குத் தெரியும். அவன் எலும்பு வெளிய தெரியல, அந்தக் கோவம் அவனுக்கு.

— எல்லாத்தையும் நீங்களேதான் முடிவு பண்ணுவீங்களா? ராத்திரி ஒருத்தர் வந்து கதவத் தட்டறார், வயித்துவலிங்கறார்...

— போய்ப் பாப்பேன். நெத்தியத் தொடுவேன், கண்ணப் பாப்பேன், மூஞ்சியப் பாப்பேன். உக்காந்து பேச்சுக் குடுப்பேன். வலி நெசமா இருந்தா மனுஷன் ரொம்பப் பேச மாட்டான் தம்பி, பேச்சு சுருங்கிடும். அப்ப சாவிய எடுப்பேன். நான் 'அனுப்புங்க'ன்னா, அக்கரையில மறு பேச்சு கெடையாது. அனுப்பிடுவாங்க. நான் 'காலையில பாத்துக்கலாம்'னா, காலையிலதான்.

— அப்புறம் எதுக்கு அக்கா இந்த வேகாத வெயில்ல என்னைத் தேடி வந்தீங்க? நான் ஆட்டு டாக்டர்.

— ஆட்டுக்குத்தானே கேக்கறேன்.

— சரி, சரி. கேளுங்க. இல்ல, நான் கேக்கறேன். நெஞ்சடைப்பு எப்ப ஆரம்பிச்சுது?

— காலையிலயே முதுகுல ஒரு மாதிரி இருந்துச்சாம். குடம் தூக்கினதுல புடிச்சுக்கிச்சுன்னு விட்டுடுச்சு. மத்தியானம் சாப்பிட்டப்புறம் நெஞ்சுல மூட்டை ஏறிச்சு.

— எங்கயாவது பரவுதா? கையில, கழுத்துல?

— தாடையில. பல்லுவலின்னு நெனச்சு உப்புத் தண்ணியில கொப்பளிச்சுச்சு.

— கொறஞ்சுதா?

— இல்ல.

— வேர்க்குதா?

— வேர்க்குது. ஜில்லுன்னு.

— வாந்தி?

— வர்ற மாதிரி இருக்கு. வரல.

— அக்கா, இப்ப நான் சிரிக்கல. இதுல சிரிக்க ஒண்ணும் இல்ல. நான் மனுஷ டாக்டர் இல்லதான், ஆனா எங்கப்பாவுக்கு இப்படித்தான் ஆரம்பிச்சுது. வாயுன்னு சொல்லி சோடா வாங்கிக் குடுத்து உக்கார வச்சிருந்தோம். போங்க, போய் படகக் கூப்பிடுங்க.

— வாயுவா இருக்கலாம்லன்னு யோசிக்கறேன்.

— இருக்கலாம். இல்லாமலும் போகலாம். எழுந்து போய் கூப்பிடுங்கன்னா!

— நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன் தம்பி. கேளுங்க. படகு ஒண்ணுதான். நாலு தீவுக்கும் சேத்து ஒரே ஒண்ணு. அது இங்க வந்தா, மத்த மூணு தீவுக்கும் இல்ல. புரியுதா?

— புரியுது. அதுக்காக?

— நான் சாவி வாங்கின புதுசு. ஒரு பெரியவர் நெஞ்சப் புடிச்சுக்கிட்டு வந்தார். பயந்து போய் கூப்பிட்டுட்டேன். படகு வந்துச்சு. ஏத்தினோம். துறைய விட்டு ஒரு கூப்பிடு தூரம் கூடப் போகல, மனுஷன் பெருசா ஒரு ஏப்பம் விட்டு எழுந்து உக்காந்துட்டார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சோம். அதே நேரத்துல பக்கத்துத் தீவுல ஒரு பொண்ணுக்குப் பிரசவ வலி. படகு இங்க நிக்குது.

— அப்புறம்?

— பொண்ணு பொழச்சிட்டா.

— ...குழந்தை?

— பொண்ணு பொழச்சிட்டான்னு சொன்னேனே தம்பி.

— சரி. சரி அக்கா. அது உங்க தப்பில்ல. யாரா இருந்தாலும் கூப்பிட்டிருப்பாங்க.

— தப்புன்னு நானும் சொல்லல. ஆனா அன்னியிலேர்ந்து சும்மா சும்மா கூப்பிடறதில்ல. என் சொந்தக் கொழுந்தனுக்கே 'காலையில பாத்துக்கலாம்'னவ நான். இன்னிய வரைக்கும் அவன் பொண்டாட்டி என்கூடப் பேசறதில்ல.

— கொழுந்தன்?

— நல்லா இருக்கான், குத்துக்கல்லாட்டம். அதான் சொல்றேன், என் கண்ணு பொய்க்காது. ஆனா இந்த ஆட்டு விஷயத்துல மட்டும் எனக்கு ஒண்ணும் ஓடல. ஒரு நிமிஷம் அவசரம்னு தோணுது, மறு நிமிஷம் சும்மா பாவ்லான்னு தோணுது.

— ஏன், ரொம்ப வேண்டியவங்களா?

— வேண்டியதுதான்.

— உங்க வீட்டுக்காரரா?

— அவருக்கென்ன, கல்லத் தின்னாலும் செரிக்கும். அவர் கடலுக்குப் போயிருக்காரு.

— அக்கா தங்கச்சி யாராவது?

— கேக்காதீங்க தம்பி. தெரிஞ்சா உங்களுக்குத்தான் வம்பு.

— சரி, கேக்கல. இப்ப ஆட்டுகூட யார் இருக்கா?

— யாரும் இல்ல.

— யாரும் இல்லயா? அந்த நெலமையில தனியா விட்டுட்டா மேடேறி வந்தீங்க? என்ன அக்கா நீங்க? ஏதோ கதை சொல்ற மாதிரி நெதானமா சொல்லிக்கிட்டிருக்கீங்க!

— கத்தாதீங்க.

— கத்தாம? நெஞ்சுல மூட்டையோட ஒரு ஜீவன் ஒத்தையில கெடக்குது, நீங்க இங்க நின்னு படகு மிச்சம் பண்ணிட்டிருக்கீங்க. டீக்கடையில சொன்னது சரிதான். உங்கள நம்பி ஊரே சாவியக் குடுத்திருக்கு. நீங்க அத இடுப்புல சொருகிக்கிட்டு, யார் இருக்கணும் யார் போகணும்னு கணக்குப் போடறீங்க. யாரு குடுத்தா அக்கா அந்த அதிகாரத்த?

— ஊருதான் குடுத்துச்சு. வேற யாரும் கேக்கல.

— அந்த ஆடு செத்துப் போச்சுன்னா?

— அதத்தான் நானும் நெனச்சுப் பாத்தேன்.

— நெனச்சு?

— பயமா இருந்துச்சு. அதான் வந்தேன்.

— அப்ப கூப்பிட வேண்டியதுதானே!

— கூப்பிட்டா மொத கேள்வி, 'அக்கா, நீங்க பாத்தீங்களா, நீங்க என்ன சொல்றீங்க?'ன்னு கேப்பாங்க. இன்னிக்கு நான் சொல்றத நானே நம்பல. வேற ஒருத்தர் வாயால வரணும். படிச்சவங்க, வெளியூர்க்காரங்க, இந்த ஊர்ல யாரோடயும் உறவு பகை இல்லாதவங்க.

— அப்ப நான் சொல்றேன். கேட்டுக்கோங்க. அவசரம். படகு வேணும், இப்பவே வேணும்.

— வெறும் வாயுன்னு ஆயிட்டா?

— ஆகட்டும். நடுக்கடல்ல ஏப்பம் விட்டாலும் என் பேர்ல விடட்டும்.

— அதே நேரத்துல வேற தீவுல யாராவது...

— அதுவும் என் கணக்கு. உங்க கணக்கு இல்ல. போதுமா?

— உங்க வேல போயிடும் தம்பி.

— போனா போகுது. விசாரணைக்கு வரட்டும், ஆட்டுக்குத்தான் படகக் கூப்பிட்டேன்னு சத்தியம் பண்றேன். சாவியக் குடுங்க.

— நெசமாத்தான் சொல்றீங்களா? எனக்காக சொல்லலியே?

— உங்களுக்காக எதுக்கு அக்கா சொல்றேன்? உங்க மேல எனக்கு இப்ப அவ்வளவு கோவம். அந்த ஆட்டுக்காகச் சொல்றேன்.

— சரி. இந்தாங்க. பெரிய சாவி வாசலுக்கு, சின்னது ஃபோன் ரூமுக்கு. வாசப் பூட்டு லேசுல தெறக்காது, கொஞ்சம் தூக்கிப் புடிச்சுத் திருப்புங்க.

— எவ்வளவு நேரத்துல வருவாங்க?

— கடல் அமைதியா இருக்கு. சீக்கிரம் வந்துடுவாங்க.

— ஓடறேன். அதுக்குள்ள ஆட்டத் துறைக்குக் கொண்டு வந்துடணும். கீழ ரெண்டு பசங்க வலை காயப் போட்டுட்டு இருக்காங்க, கட்டிலோட தூக்கிட்டு வரச் சொல்றேன். எந்த வீடு? சீக்கிரம் சொல்லுங்க அக்கா, எந்த வீட்டுக்கு அனுப்பட்டும்?

— எந்த வீட்டுக்கும் அனுப்ப வேணாம் தம்பி. போறதுக்கு முன்னாடி அந்த நாற்காலிய மட்டும் இப்படி இழுத்துப் போடுங்க... ஆட்டால இனிமே நிக்க முடியல.