நான்கு கணினிகளும் பூப்போட்ட உறைகளும்

எனக்கு மூடிய அறை ஒத்துக்கொள்ளாது. ஜன்னலைச் சாத்தினால் பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்கு எளிதில் விளங்கும், ஐயா.

பள்ளி நூலகத்தில் இருந்த நான்கு கணினிகளும் எப்படிக் கெட்டன என்று விசாரிக்க வந்த நீங்கள் எழுதித் தரச் சொன்னீர்கள். தலைமையாசிரியர் குருநாதன் சார் மின்சாரத்தைக் குறை சொல்கிறார். ஊர்க்காரர்களோ, வாங்கி வந்த ஹமீது பழைய சாமானைத் தலையில் கட்டிவிட்டார் என்கிறார்கள். இரண்டும் இல்லை. ஹமீது நல்ல மனிதர்.

அந்தக் கணினிகளுக்குத் திட்டம் எழுதியதே நான்தான். கோர்வையாக எழுதத் தெரிந்தவள் முத்தழகு டீச்சர் ஒருத்திதான் என்று சார் சொல்வார், அது உண்மையும்கூட. திருப்பாலைக்குடியைத் தாண்டிய எங்கள் கரையில் பாதி வீட்டுத் தகப்பன்மார் துபாயிலும் சவுதியிலும் இருக்கிறார்கள். உதவி கேட்டு அவர்களுக்குக் கடிதம் எழுதினேன். எத்தனை கணினி, எத்தனை மேசை, கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி, கடல் பக்க ஜன்னல்களுக்குக் கண்ணாடிக் கதவு, எல்லாம் போட்டேன். கண்ணாடி எதற்கென்று, விலை விசாரித்த கணினிக் கம்பெனி ஆள்தான் விளக்கினான். "டீச்சர், கடக்கரையில இதுக்கு எமன் உப்புக்காத்துதான். சன்னல மட்டும் தொறந்துறாதீக" என்றான். அதையும் குறித்துக்கொண்டேன்.

மூன்று மாதத்தில் கணினிகள் வந்து இறங்கின. வளைகுடாவில் வெள்ளிக்கிழமை விடுமுறை அல்லவா? அதனால் வெள்ளி பிற்பகல் கடைசிப் பாடவேளையில் தகப்பன்மார் திரையில் வருவார்கள், பிள்ளைகள் முகம் பார்த்துப் பேசலாம் என்று ஏற்பாடாயிற்று.

பதினேழு வருடமாக அந்தப் பாடவேளை என்னுடையது. நூலகத்தில் நான் கதை படிப்பேன், பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்கும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப்பிடாரியை விரட்டிய கதையாக, இப்போது நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்க, அத்தனை பிள்ளைகளும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றன. எனக்கு அதில் வருத்தமில்லை. புத்தகங்களை நினைத்துத்தான் மனசு கேட்கவில்லை.

நான்காம் வகுப்பு நஸீராவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவள் தாய் வயிற்றில் இருக்கும்போது சவுதி போன தகப்பன், விசாச் சிக்கலில் இன்றுவரை ஊர் திரும்பவில்லை. அவள் வீட்டில் இருப்பது குரல் மட்டும் கேட்கிற சின்ன போன். போட்டோவில் அல்லாமல், அசைந்து பேசுகிற ஆளாக அவரை அவள் முதன்முதலில் பார்த்தது அந்தத் திரையில்தான். படம் விட்டுவிட்டு வரும். அவள் திரையில் அவர் மீசையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். கண்ணாடியெல்லாம் விரல் தடம். நான்தான் துடைப்பேன்.

ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கியது. நூலகச் சாவி என்னிடம். மாலையில் எல்லோரும் போனபின் கடல் பக்க ஜன்னல்களை விரியத் திறந்துவைத்தேன். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து சாத்தினேன். சும்மா சொல்லக்கூடாது, கணினிகளுக்கு என் கையாலேயே கனத்த துணியில் பூப்போட்ட உறையும் தைத்தேன். காலையில் உறையைப் போட்டுவிட்டால் இரவில் உள்ளே போன உப்பு ஈரம் வெளியே வராது. குழந்தைகள் தின விழாவில் அந்த உறைகளுக்காக குருநாதன் சார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். கார்த்திகையில் முதல் கணினி போயிற்று. மற்ற மூன்றும் தை பிறப்பதற்குள் போயின.

ஆக, செய்தது நான்தான். ஹமீதை விட்டுவிடுங்கள்.

ஆனால் பலனையும் நீங்கள் பதிவு செய்ய வேண்டும். பிள்ளைகள் கதைக்குத் திரும்பிவிட்டன. போன வெள்ளி, கப்பலேறிப் போய்ப் பல வருடம் கழித்து வீடு திரும்பும் வியாபாரியின் கதையைப் படித்தேன். நஸீரா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பள்ளி விடும் மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், அந்த வாப்பா வீட்டுக்கு வார எடத்த மட்டும் இன்னொருக்கா படிங்க" என்றாள்.

நான்கு முறை படிக்கச் சொன்னாள், படித்தேன். பாருங்கள் ஐயா, கதை என்றால் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு ஆசை.