மவுஸ் இல்லாத மேசை

துறைமுக நிறுத்தத்தில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். இருவர் கழுத்திலும் ஒரே கம்பெனி அடையாள அட்டை. திருச்செந்தூர் பஸ் கிளம்பும்போதே ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னாள்.

"ஏளா, அவ மவுஸ எடுத்து ஒளிச்சு வச்சிட்டேன்."

"யாரு மவுஸ? புதுசா வந்த சாயர்புரத்துக்காரியா?"

"அவளேதான். காலையில மேனேஜர் எந்தக் கப்பல், எந்தக் கன்டெய்னர்னு சொல்லச் சொல்ல, எல்லாரும் கம்ப்யூட்டர்ல நோட்ஸ் ஆப்ல ஏத்துவோம்லா. நான் மவுஸப் பிடிச்சுப் புதுப் பக்கம் தெறக்கதுக்குள்ள, அவ கன்ட்ரோல் கீயோட ஏதோ ஒரு எழுத்த அமுக்குதா, பக்கம் வந்து நிக்கு. இன்னொண்ண அமுக்குதா, போன மாசக் குறிப்பு வந்துருது. 'அந்தப் பிள்ளையப் பாத்துப் படிங்க'ன்னு மேனேஜர் எங்கிட்டச் சொல்லுதாரு. நான் அங்கன எத்தன வருசமா இருக்கேன்."

"அவகிட்டக் கேட்டா சொல்லித் தருவால்லா?"

"நான் போயி அவகிட்டக் கேக்கவா?"

அதோடு பேச்சு நின்றுவிட்டது. ஆத்தூரில் இறங்க வேண்டிய நான், கண்டக்டரிடம் ஆறுமுகநேரிக்கு இன்னொரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன். உப்பளங்கள் தெரிய ஆரம்பித்த பிறகுதான் பக்கத்தில் இருந்தவள் மெல்லக் கேட்டாள்.

"சரி, மவுஸ் இல்லாம அவ என்ன செஞ்சா?"

ஜன்னலோரக்காரி மடியிலிருந்த கைப்பையைத் திறந்து, உள்ளே கிடந்த மவுஸைக் காட்டினாள்.

"திங்கக்கிழம எடுத்தது. இன்னைக்கு வெள்ளி. காணோம்னு அவ இன்னும் ஒரு வார்த்த கேக்கல."