வாளியை வாங்கிக்கொண்டு மைக்கைக் கொடுத்தார்கள்

அவைக்குத் தலைமை தாங்கும் அண்ணன் லூர்துராஜ் அவர்களே, அறிவிற் சிறந்த பெரியோர்களே, ஆலய அசன விருந்துக்காக அதிகாலை முதல் அரிந்தும் அரைத்தும் அயர்ந்திருக்கும் அன்னையர்களே, முனிர்காவிலிருந்து பசியோடு வந்து, இவன் எப்போது முடிப்பான் என்று பார்த்திருக்கும் மாணவச் செல்வங்களே, வணக்கம்.

ஆண்டுதோறும் இந்தப் பந்தியில் சாம்பார் வாளி தூக்கியவன் நான். இந்த ஆண்டு அண்ணன், "நீங்க பேசுங்க அகஸ்டின், பரிமாற ஆள் இருக்கு" என்றார். ஆகா, என் நாவன்மையை டெல்லி நன்கு உணர்ந்துகொண்டது என்று நம்பிக் கண்ணாடி முன் கையுயர்த்தி முழங்கினேன். சட்டைக் கை சரிந்து தடிப்புகள் தெரிந்தன. அப்போதுதான் விளங்கியது. என்னை மேடையேற்றியது தமிழ் அல்ல அன்பர்களே, தடிப்பு.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இது சோரியாசிஸ். அழுக்கா? அல்ல. ஒட்டுமா? ஒட்டுவதாயிருந்தால் என்னைக் கட்டிக்கொண்ட செலினுக்கல்லவா முதலில் ஒட்டியிருக்கும்? உடலின் காவல் அணுக்கள், கள்வனே வராத வீட்டில் கூச்சல் போடுகின்றன. அதைக் கேட்டுத் தோல் பதறிப்போய், ஒரு மாத வேலையைச் சில நாளில் முடித்துச் செதில் செதிலாக உதிர்கிறது. சிம்லாவுக்கு நான் போவதில்லை. என் கறுப்புக் கோட்டின்மேல் சிம்லாவே வந்து இறங்குகிறது.

அரிப்பு ஏன்? அந்த அணுக்கள் கக்கும் வேதிப்பொருள்கள் நரம்பு நுனிகளைச் சீண்டுகின்றன. நரம்பு மூளையிடம் முறையிடுகிறது; மூளை நகத்துக்கு உத்தரவிடுகிறது. கிட்வாய் நகரில் குடியிருக்கும் அரசு ஊழியன் சொல்கிறேன், எங்கள் அலுவலகத்தில் எந்தக் கோப்பும் இத்தனை வேகமாக நகர்ந்ததில்லை. சொரிந்தால் புண், புண்ணில் புதுத் தடிப்பு, தடிப்பில் மறுபடி அரிப்பு. அலர்ஜி மாத்திரை விழுங்கினேன். நான் தூங்கினேன், அரிப்பு தூங்கவில்லை. நர்ஸான செலின் தலையிலடித்துக்கொண்டாள். அந்த மாத்திரை அடக்குவது ஹிஸ்டமின் என்ற பொருளையாம்; இந்த அரிப்பைக் கிளப்புவது பெரும்பாலும் வேறு பொருள்களாம். நான் ஆள் மாறி அடித்துக்கொண்டிருந்தேனாம்.

மனம் நொந்தாலும் அரிப்பு மிகும் என்றாள். உண்மை. போன ஆண்டுப் பந்தியில் என் கையைப் பார்த்ததும் சிலர், "அச்சா, அச்சா, போதும்" என்று இலையை மறைத்தீர்கள். வெறும் சோற்றைத் தின்றீர்கள். அன்று எனக்கு அழுகை வந்தது பெரியோர்களே. எனக்கு மேடை வேண்டாம், மாலை வேண்டாம், மைக்கும் வேண்டாம். பரிமாற ஒரு வரிசை வேண்டும்.

பந்தி தயார். என் கையால் உண்ண மனமுள்ளவர்கள் முதல் வரிசைக்கு வாருங்கள். என்ன, தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறதே? அடடா, அண்ணன் இறங்கிப்போய் இலை முன் உட்கார்ந்துவிட்டார். பக்கத்தில் முனிர்காப் படையே அமர்கிறது.

பொறுத்துக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். அண்ணே, சோற்றில் குழி பறியுங்கள். இதோ வருகிறேன்.