தட்டில் காணாமல் போன சோடியம்

எசன்பெக்: அப்போ சோடியம் அயனி எங்கே போச்சுன்னு நான் என்னத்தை எழுதுறது, புருல்?

புருல்: எதையாவது எழுதுங்க அகாய், பெரியவங்க நீங்க. தேத்தண்ணி ஆறுது, முதல்ல குடிங்க.

எசன்பெக்: பேச்சை மாத்தாதே. ஆய்வுக்கு வந்தவன் நான். குருத் உருண்டைகளை வெச்சுப் பாடம் எடுத்தே, நல்ல யோசனை. காஞ்ச தயிர், எல்லா வீட்டுலயும் இருக்கு. எலக்ட்ரான் ஒண்ணை வாங்கிப் பெருத்த குளோரின் இருந்துச்சு. ஒண்ணைக் கொடுத்துட்டு இளைச்ச சோடியம் மட்டும்...

புருல்: கொடுத்தவன் கதி எங்கேயும் அதுதானே.

எசன்பெக்: ஆபீஸ்காரன்கிட்டயே சொல்றியா?

புருல்: நான் வேதியியலைச் சொன்னேன்.

எசன்பெக்: "இவ்ளோ சுருங்கிடுச்சு"ன்னு வெறும் உள்ளங்கையைக் காட்டினே. பசங்களும் கை தட்டுதுங்க. உருண்டை குறைஞ்சா ஆய்வுல உன் மார்க் போகும், தெரியுமில்ல? அடுத்த வருஷம் உன் வகுப்பெல்லாம் உடற்பயிற்சி வாத்தியாருக்கு.

புருல்: தெரியும். அவருக்கு உப்புன்னா சூப்புல போடுறது மட்டும்தான்.

எசன்பெக்: பாடம் ஆரம்பிக்கறப்போ தட்டுல இருந்துச்சா?

புருல்: இருந்துச்சு.

எசன்பெக்: அப்புறம்?

புருல்: அப்புறம்... இல்லை.

எசன்பெக்: யாரு எடுத்தது?

புருல்: விருந்தாளி வாயில போட்டதை நம்ம ஊர்ல யாராவது வெளியே சொல்லுவாங்களா அகாய்? மீசையைத் துடைச்சுக்கங்க.

எசன்பெக்: ...சரி, தின்னேன். ஏன் தின்னேன்னு கேளு.

புருல்: ஏன்?

எசன்பெக்: சோடியம்னு நீ வெச்ச அயனி, அணுவை விடப் பெருசும்மா. ஒரு எலக்ட்ரான் போனா மிச்சத்தை உட்கரு இறுக்கிப் பிடிக்கும், சுருங்கணும். பக்கத்துல எங்க ஆய்வுக்குழுத் தலைவரம்மா, வேதியியல்லயே டாக்டர் பட்டம் வாங்கினவங்க, கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தாங்க. அதை மாட்டறதுக்குள்ள வாயில போட்டேன். கல்லு... இன்னும் பல்லு ஆடுது.

புருல்: எனக்காகவா?

எசன்பெக்: பின்னே? நானும் இதே பாடம் நடத்தினவன்தானே. பாவம், உன் பொழைப்பு போயிடக் கூடாதேன்னுதான். அது சரி, ஏன் அவ்ளோ பெருசா வெச்சே?

புருல்: சின்னது காலையில வேன்ல எங்கேயோ உருண்டு தொலைஞ்சிடுச்சு. கடையில எல்லாம் பெருசு, செதுக்கலாம்னா கத்தி இறங்கலை. இல்லைன்னு நின்னா மார்க் போகும், இதைக் காட்டினா மானம் போகும். விருந்தாளி தின்னா மட்டும் யாராலயும் குறைன்னு எழுத முடியாது. அதான் அகாய், அந்த உருண்டை உங்க கைப்பக்கமா வர்ற மாதிரி தட்டைத் திருப்பி வெச்சேன். நீங்க குருத்தைச் சும்மா விட்டதா இந்த ஊர்ல யாரும் சொன்னதில்லை.